சிப்பிப்பாறையோடு ஏற்காட்டில் நடப்பது

சேலத்து வெயிலில் தவிக்கும் நாய்க்கு, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் சில்வர் ஓக் மரநிழலில் காப்பிச் செடிகள் வளரும் ஏற்காட்டுப் பாதைகளைவிட உகந்த இடத்தை நான் அறியேன். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டும் என்பதால், புறப்படும் முன் எங்கள் சிப்பிப்பாறை இன நாய்க்கு வயிறு நிறைய உணவு தருவதில்லை.

தோட்டங்களுக்குள் நடக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். காப்புக்காட்டுக்குள் நாயை அழைத்துச் செல்லவே கூடாது. காட்டெருமைகள் திரியும் மலை இது. மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி வேட்டையாடும் சிப்பிப்பாறை, அசையும் எதையும் கண்ட கணத்திலேயே பாய்ந்துவிடும் என்பதால், எவ்வளவு பழக்கியிருந்தாலும் கயிற்றை அவிழ்க்காமல் நடப்பதே அதற்கும் காட்டுயிர்களுக்கும் நாம் காட்டும் அன்பு என்று உறுதியாக நம்புகிறேன்.

கிளியூர் அருவிக்கு இறங்கும் செங்குத்தான வழி மழையில் வழுக்கும். அப்போது அங்கே செல்வதில்லை. தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால் குடிநீரைக் கையோடு கொண்டுசெல்கிறேன். ஆண்டுதோறும் அதற்கான தடுப்பூசியும் போடுகிறோம்.

திரும்பியதும் காதுமடல், அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றில் உண்ணி தேட வேண்டும். அகப்பட்டதை நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். பின்வரும் வாரங்களில் நாய் சோர்ந்தாலோ, உணவை மறுத்தாலோ, உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.