600021: பின்கோடை வைத்தே காரணி போடப் பழகுங்கள்

குரூப் 4 தாளில் 200 கேள்வி, 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடிதான். அதில் கணக்குக்கு உள்ள 25 கேள்விகளில் மீ.பொ.வ (மீப்பெரு பொது வகுத்தி), மீ.பொ.ம (மீச்சிறு பொது மடங்கு) வரும்போது, ஆறு இலக்க எண்ணைப் பார்த்ததுமே பலருக்குப் பேனா நின்றுவிடுகிறது. பயிற்சிக்கு எண் தேடி அலைய வேண்டாம். வடசென்னைப் பிள்ளைகள் விண்ணப்பத்தில் எழுதுகிற பின்கோடே போதும்.

பழைய வண்ணாரப்பேட்டை, 600021. இலக்கங்களைக் கூட்டினால் 9. எனவே 9-ஆல் வகுத்தால் 66669. பாதிப் பேர் இங்கேயே 3-ஐ விட்டுவிடுவார்கள். விடாதீர்கள், ஈவையும் கூட்டுங்கள்: 33. இன்னொரு 3 உள்ளே இருக்கிறது! மறுபடி வகுத்தால் 22223. இதன் கூடுதல் 11, ஆக 3 தீர்ந்தது. கூடுதல் 27 வந்தால் 27-ஆல் வகுபடும் என்று சிலர் நினைப்பது தவறு. 1899-இன் கூடுதல் 27, ஆனால் 27-ஆல் வகுத்தால் 9 மீதி. கூட்டிப் பார்க்கும் விதி 3-க்கும் 9-க்கும் மட்டும்தான்.

அடுத்து 7, 11, 13. மூன்றையும் ஒரே கழித்தலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் 7×11×13 = 1001. கடைசி மூன்று இலக்கத்தைப் பிரித்துக் கழியுங்கள்: 223−22 = 201. இது 7, 11, 13 எதனாலும் வகுபடாது, ஆகவே 22223-உம் வகுபடாது.

இனி நேரடி வகுத்தல்தான். 149-இன் வர்க்கம் 22201, 150-இன் வர்க்கம் 22500. அதனால் 149 வரையுள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும். 17-இல் தொடங்கினால் பதினான்காவது வகுத்தலில் 71 மாட்டும்: 22223 = 71×313. அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 71-க்குக் கீழே உள்ள பகா எண் ஏதாவது 313-ஐ வகுத்திருந்தால் 22223-ஐயும் முன்பே வகுத்திருக்கும். 71-இன் வர்க்கமோ 313-ஐத் தாண்டிவிட்டது. 313 பகா எண். எல்லை 149 என்று குறித்துவைத்துக்கொண்டு, காரணி கிடைத்த பிறகும் அதுவரை வகுத்துக்கொண்டே போவதில்தான் நேரம் கரைகிறது.

600021 = 3³×71×313. 3, 1, 1 என்ற அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 4×2×2 = 16 காரணிகள். ஒன்று கூட்ட மறந்தால் 3 என்று வரும். அந்த 3 பெரும்பாலும் விடைத் தெரிவிலும் உட்கார்ந்திருக்கும். காரணிகளின் கூடுதல் (1+3+9+27)×(1+71)×(1+313) = 40×72×314 = 904320.

மணலி 600068 = 2²×7×29×739, மொத்தம் 24 காரணிகள். இரட்டைக் காரணிகள் எத்தனை என்று கேட்டால், 2-க்கு அடுக்கு 0 வருவதை விட்டுவிட்டு 2×2×2×2 = 16.

இரண்டு பெரிய எண்களுக்கு மீ.பொ.வ கேட்டால் காரணிப்படுத்தவே வேண்டாம், முதலில் கழியுங்கள். மீ.பொ.வ அந்த வித்தியாசத்தையும் வகுத்தாக வேண்டும். மணலிக்கும் திருவொற்றியூர் 600019-க்கும் வித்தியாசம் 49, ஆகவே விடை 1, 7, 49-இல் ஒன்று. 600019-க்கு அதே 1001 கழித்தல்: 600−19 = 581 = 7×83, எனவே 7 உண்டு. 600019-ஐ 7-ஆல் வகுத்தால் 85717. அதை மறுபடி வகுத்தால் 2 மீதி. 49 போயிற்று. மீ.பொ.வ 7.