டீசல் டேங்க் புரோப்: ஆர்எஸ்-485 வழியாக அளவும் வெப்பநிலையும் படித்துப் பார்த்தது

ஜெனரேட்டரின் 100 லிட்டர் டேங்கில் கெப்பாசிட்டிவ் வகைப் புரோப் (குழாய் வடிவ உணரி; உள்ளே டீசல் ஏறினால் அதன் கெப்பாசிட்டன்ஸ் மாறும், அதை வைத்து மட்டத்தைச் சொல்லும்). வெளியீடு ஆர்எஸ்-485 (ஏ, பி என்ற இரண்டு ஒயரில் டேட்டா போகும் சீரியல் முறை), பேசுவது எல்எல்எஸ் புரோட்டோகால். ஓம்னிகாம் என்ற ரஷ்ய நிறுவனத்தின் முறை இது. லாரி டீசல் கண்காணிப்பில் மற்ற கம்பெனிப் புரோப்களும் இதைப் பேசும். படிப்பது ஈஎஸ்பி32 என்ற 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர். இப்போதைய நிலை: எண்கள் ஒழுங்காக வருகின்றன, அவற்றை லிட்டராக மாற்றும் அட்டவணை பாதியில் நிற்கிறது.

வயரிங்கில் கவனிக்க வேண்டியது ஆர்எஸ்-485-ஐ ஈஎஸ்பி32-க்கு மாற்றித் தரும் சிப்பின் தேர்வு. கடையில் மலிவாகக் கிடைக்கும் மேக்ஸ்485 மாட்யூல் 5 வோல்ட்டில் ஓடுவது. அதன் ஆர்ஓ பின்னை (படித்த டேட்டா வெளிவரும் கால்) நேரே ஈஎஸ்பி32-க்குக் கொடுக்கக் கூடாது. 3.3 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்3485 போட்டால் அந்தத் தலைவலியே இல்லை. புரோபின் பவரை பேட்டரியிலிருந்து எடுத்தாலும் கிரவுண்டை ஈஎஸ்பி32-இன் கிரவுண்டோடு இணைத்தாக வேண்டும். பதிலே வராவிட்டால் ஏ, பி ஒயர்களை மாற்றிப் பாருங்கள். இந்தப் பெயர்களை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக வைக்கிறார்கள். மாற்றிப் போட்டதால் எதுவும் கெடாது.

வேகம் 19200, 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். முகவரி 1 உள்ள புரோபிடம் கேட்க நான்கு பைட் போதும் (இங்கே எல்லாம் டெசிமலில்):

49, 1, 6, 108

பதில் ஒன்பது பைட். ஒரு மாதிரி:

62, 1, 6, 31, 82, 7, 236, 19, 59

62 பதிலின் தொடக்கம். அடுத்தவை முகவரியும் கட்டளையும். 31 என்பது வெப்பநிலை, டிகிரி செல்சியஸில். அது குறியுள்ள பைட், 255 வந்தால் மைனஸ் 1. அடுத்த இரண்டு பைட் டீசல் அளவு, அதில் கீழ்பைட் முதலில் வரும்: 82 + 7 × 256 = 1874. அடுத்த இரண்டும் அதே வரிசையில் அதிர்வெண், கடைசி பைட் சிஆர்சி (பைட்டுகள் பிழையின்றி வந்தனவா என்று சரிபார்க்கும் எண்). டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரில் உள்ள அதே 8 பிட் சிஆர்சி என்பதால், ஒன்வயர் லைப்ரரியில் இருக்கும் ஃபங்ஷனே போதும். ஒன்பது பைட்டையும் அதற்குள் விட்டால் விடை 0 வர வேண்டும். 62 நடுவிலும் டேட்டாவாக வரலாம். அதை மட்டும் நம்பித் தொடக்கத்தைத் தேடினால் சில சமயம் உளறும்.

அதிகம் படுத்துவது திசை மாற்றும் பின்தான் (சிப்பின் டிஇ, ஆர்இ இரண்டையும் சேர்த்துக் கட்டியது; ஏற்றினால் அனுப்பும், இறக்கினால் கேட்கும்). சீரியல் ரைட் முடிந்தது என்றால் பைட்டுகள் பஃபருக்குள் போய்விட்டன என்று மட்டுமே பொருள். ஒயரில் போக இன்னும் நேரமாகும். 19200-இல் ஒரு பைட்டுக்கு 0.52 மில்லி செகண்ட், நான்குக்கு 2.1. அதற்குள் பின்னை இறக்கினால் கடைசி பைட்டான 108 வெட்டுப்படும், சிஆர்சி பொருந்தாமல் புரோப் வாயே திறக்காது. ஃப்ளஷ் கொடுத்துக் காத்திருந்து, உடனே இறக்க வேண்டும். பாதுகாப்புக்கு என்று 10 மில்லி செகண்ட் டிலே போட்டால் பதிலின் முன்பாதி காணாமல் போகலாம்.

சிஆர்சி சரியாக இருந்தும் எண் தவறென்றால் கோளாறு ஒயரில் இல்லை, டேங்கில். அடியில் தேங்கிய தண்ணீர் குழாய்க்குள் ஏறினால் அளவு திடீரென உச்சத்துக்குப் போகும். டீசலின் மின்கடவா மாறிலி (கெப்பாசிட்டன்ஸை எத்தனை மடங்கு கூட்டும் என்பது) சுமார் 2, தண்ணீருக்குச் சுமார் 80. எனவே புரோபை நீளத்துக்கு வெட்டும்போது அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டாயிற்று. வெட்டிய பிறகு காலி, முழு என இரண்டு நிலைகளையும் மறுபடி பதிவது கட்டாயம்.

முழு அளவு 4095 என்று வைத்திருப்பதால் 1874 என்பது சுமார் 46 சதவீத உயரம். அதை 46 லிட்டர் என்று எடுத்துக்கொள்ள முடியாது, டேங்கின் ஓரங்கள் வளைந்தவை. 10 லிட்டர் கேனால் ஊற்றி, அலை அடங்கியதும் எண்ணைக் குறித்து, இடைப்பட்டதை நேர்கோட்டில் கணக்கிடுகிறோம். இதுவரை 50 லிட்டர் வரை முடிந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது எண் ஆடும். தொடர்ந்து 15 அளவீடுகளை வரிசைப்படுத்தி நடுவிலிருப்பதை எடுத்தால் அடங்குகிறது. சராசரி எடுத்தால் ஒரு பெரிய குலுக்கல் எல்லாவற்றையும் இழுத்துவிடும்.

வெப்பநிலையை வைத்து லிட்டரைத் திருத்தும் வரியை நிரலில் சேர்க்கவில்லை. டீசல் சூடானால் மட்டம் ஏறும், ஆனால் அடர்த்தி குறைவதால் மின்கடவா மாறிலியும் சற்று இறங்கும். கெப்பாசிட்டன்ஸில் இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடுகின்றன. போதாததற்கு இந்தப் புரோபில் வெப்ப உணரி இருப்பது தலைப்பகுதியில். வெயிலில் அது காட்டுவது மூடியின் சூடு.