நூறு சொட்டில் இரண்டு

ஐசிபியில் (சாம்பிளை ஆர்கான் பிளாஸ்மாவில் எரித்து அதிலுள்ள தனிமங்களை அளக்கும் கருவி) ரீடிங் ஆட ஆரம்பித்தால் பலர் முதலில் பிளாஸ்மாவைத்தான் சந்தேகிக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய இடத்தில் இருக்கும்: சாம்பிள் சாரலாக மாறும் நெபுலைசரில்.

வழக்கமான கண்ணாடி நெபுலைசரில் குழலுக்குள் குழல். நடுத் துளை கால் மில்லிமீட்டர் அளவுதான். அதைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாக ஆர்கான், நிமிடத்துக்கு 0.7 முதல் 1 லிட்டர் வரை, சீறி வருகிறது. முனையில் அழுத்தம் குறைவதால் திரவம் இழுபடும். வேகமான வாயு அதைக் கிழித்துத் துளியாக்கும்.

ஒகேனக்கல்லில் பெரிய துளிகள் கீழேயே விழுந்துவிடும், பொடிச் சாரல்தான் கரையில் நிற்பவர் முகத்தில் படும். நெபுலைசரை அடுத்துள்ள அறையான ஸ்ப்ரே சேம்பர் செய்வதும் அதுவே. சுமார் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகள் சுவரில் மோதி வடிகுழாய்க்கு (ட்ரெயின்) போய்விடும். 1 மில்லி சாம்பிளில் ஏறக்குறைய 20 மைக்ரோலிட்டர்தான் பிளாஸ்மாவைத் தொடும். வீண் என்று தோன்றினாலும், பெரிய துளி பிளாஸ்மாவுக்குள் போனால் உலர்ந்து அணுவாக உடைய நேரம் போதாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்த உப்பு) லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வந்தால் அது 0.2 சதவீத உப்பு. மணிக்கணக்கில் ஓட்டினால் முனையில் உப்புப் படிந்து சிக்னல் மெல்ல இறங்கும். ஐந்து மடங்கு நீர்த்து ஓட்டுங்கள், அல்லது ஆர்கானை ஈரப்படுத்தி விடுங்கள். (தர்மபுரி என்றதும் நினைவுக்கு வரும் புளோரைடை வழக்கமான ஆர்கான் ஐசிபியில் பார்க்க முடியாது, அதற்கு அயனி எலக்ட்ரோடுதான்.) கிருஷ்ணகிரி மாம்பழக் கூழை நைட்ரிக் அமிலத்தில் செரித்த பிறகும் நார்த் துணுக்கு மிஞ்சலாம். சென்ட்ரிபியூஜ் செய்யாமல் ஏற்றவே கூடாது. கிரானைட்டை எச்எஃப்பில் (ஹைட்ரோபுளூரிக் அமிலம்) கரைத்திருந்தால் கண்ணாடியே அரிக்கும். பிஎஃப்ஏ என்ற பிளாஸ்டிக்கால் ஆன நெபுலைசர் வேண்டும்.

ஸ்டாண்டர்டில் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) 5 சதவீத நைட்ரிக், சாம்பிளில் வெறும் தண்ணீர் என்று வைப்பது பரவலான தவறு. பிசுபிசுப்பும் பரப்பு இழுவிசையும் மாறும், துளி அளவும் மாறும், விடை தள்ளிப்போகும். அமிலத்தைச் சமமாக்கி, இட்ரியத்தை உள் ஸ்டாண்டர்டாக, அதாவது எல்லாக் கரைசலிலும் ஒரே அளவில், சேருங்கள்.

சேம்பர் சுவரைக் கூர்ந்து பாருங்கள். தண்ணீர் மெல்லிய படலமாக வழிந்தால் சரி. முத்து முத்தாக நின்றால் உள்ளே எண்ணெய்ப் பசை. அந்த முத்துகள் சேர்ந்து திடீரென்று உருள, சிக்னலும் துள்ளும். நீர்த்த லேப் சோப்புக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்துக் கழுவினால் போதும்.

அடைத்துக்கொண்ட நெபுலைசரில் கம்பி விடாதீர்கள். அல்ட்ராசோனிக் தொட்டியும் வேண்டாம், உட்குழல் அதிர்ந்து முனை சிதறும். முனைப் பக்கமிருந்து பின்னோக்கித் தண்ணீரைச் செலுத்துங்கள்.

முனை சுத்தமாக இருந்தும் ஆர்எஸ்டி (ரீடிங்குகளுக்கு இடையிலான சிதறல்) 3 சதவீதத்தைத் தாண்டினால், நெபுலைசருக்குச் சாம்பிளைத் தள்ளும் பம்ப் ட்யூபைப் பாருங்கள். சாம்பிள் ட்யூபில் ஒரு காற்றுக் குமிழி விட்டு, அது ஒரே சீராக நகர்கிறதா என்று கவனியுங்கள். விட்டுவிட்டு நகர்ந்தால் ட்யூப் தட்டையாகிவிட்டது. வேலை முடிந்ததும் கிளாம்பைத் தளர்த்தி வைத்தால் ட்யூப் கூடுதல் நாள் வரும். ட்ரெயின் ட்யூப் சாம்பிள் ட்யூபைவிட அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேம்பரில் தண்ணீர் தேங்கி பிளாஸ்மா அணைந்துவிடும்.