கொரிய அம்மா கேட்ட கேள்வி

வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டரை ஒட்டிய சிறிய அறையில், திரையில் அசையும் வாயையும் மேசையில் இருக்கும் ஆங்கிலப் பிரதியையும் மாறிமாறிப் பார்த்தபடி, அந்த வாய்க்குள் அடங்கும் தமிழைத் தேடுவதுதான் என் வேலை. உதடுகள் ஒட்டும் இடத்தில் பகரமோ மகரமோ விழ வேண்டும். விழுந்தால் யாரும் கவனிப்பதில்லை. விழாவிட்டால் எல்லோரும் கவனிப்பார்கள். முதல் சில ஆண்டுகள் கார்ட்டூன்களும் காட்டுயிர் ஆவணப்படங்களுமாகப் போயின. சிங்கத்துக்கு உதட்டசைவு பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவை நிம்மதியான நாட்கள்.

2016இல் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கொரியத் தொடர்கள் என் மேசையில் குவியத் தொடங்கின. அவற்றில் ஒன்றில், வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் மகளை வாசலிலேயே நிறுத்தி அம்மா ஏதோ கேட்கிறார். ஆங்கிலப் பிரதியில் அது நலம் விசாரிக்கும் கேள்வியாக இருந்ததால், நானும் ‘எப்படி இருக்கே?’ என்று எழுதிக் கொடுத்தேன். குரல் கொடுக்க வந்த அம்மையார் இரண்டு முறை பேசிப் பார்த்துவிட்டு, “தொடக்கத்துலயே வாய் மூடுது சார், இது உட்காராது” என்றார். சவுண்ட் இன்ஜினியர் மூல ஒலியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். ‘பாப் மொகொஸ்ஸொ’ என்று காதில் விழுந்தது. கொரிய மொழி படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். பாப் என்றால் சோறு, அந்த அம்மா கேட்டது, “சோறு சாப்பிட்டியா?”

நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் அதே கேள்வி, சியோலில் இருந்து கிளம்பி ஆங்கிலத்தின் வழியாகச் சென்னை வந்து சேர்வதற்குள் சோற்றை இழந்துவிட்டிருந்தது. அந்தக் காட்சி மட்டும் அவசரத்தில் பழைய வசனத்துடனேயே வெளியானது. அந்தக் குறை இன்றும் எனக்கு உண்டு.

ஊடகங்களால் பண்பாடு உலகமயமாவதைப் பற்றிப் பேசும்போது, மேற்கிலிருந்து கிழக்கை நோக்கி ஒரே திசையில் பாயும் வெள்ளமாகவே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். 1980இல் யுனெஸ்கோவுக்காக மெக்பிரைட் ஆணையம் அளித்த அறிக்கையும் செய்திப் பரிமாற்றத்தில் நிலவிய ஏற்றத்தாழ்வைத்தான் பேசியது. இன்று திசைகள் பலவாகிவிட்டன என்பதை மறுக்க முடியாது. 1998இல் ‘முத்து’ ஜப்பானில் ‘ஆடும் மகாராஜா’ என்ற ஒட்டுப் பெயருடன் ஓடியதை நாமே பெருமையோடு பேசியிருக்கிறோம். ஆனால் என் மேசையிலிருந்து பார்த்தால் திசைகள் பெருகின அளவுக்கு வாசல்கள் பெருகவில்லை. கொரியப் பிரதி எனக்குக் கொரிய மொழியில் வந்ததே இல்லை.

இதில் வேடிக்கை, தமிழுக்கும் கொரிய மொழிக்கும் நடுவில் ஆங்கிலம் இல்லாவிட்டால் என் வேலை பாதியாகக் குறையும் என்பதுதான். இரண்டிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதால், நடிகர் தலையை ஆட்டி மறுக்கும் இடத்திலேயே ‘முடியாது’ தானாக வந்து பொருந்தும். அப்பாவை அவர்களும் ‘அப்பா’ என்றே அழைக்கிறார்கள். பெரியவரிடம் ஒரு பேச்சு, தோழனிடம் ஒரு பேச்சு என்ற வரம்பு அங்கும் உண்டு. ஆங்கிலப் பிரதியில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. அதை நம்பி ஓர் இளம் ஊழியனை மேலதிகாரியிடம் ‘நீ’ என்று பேசவைத்துவிட்டேன். அவனோ இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு குடிக்கிறான்! அன்றிலிருந்து பிரதியைத் தொடுமுன் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை காட்சியை மட்டும் பார்ப்பது வழக்கமாயிற்று; யார் யாருக்குக் குனிகிறார்கள் என்று தெரிந்தால்தான் நீயா நீங்களா என்று முடிவுசெய்ய முடிகிறது.

‘ஓப்பா’ மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பெண் தன் அண்ணனையும் அப்படி அழைக்கிறாள், காதலனையும் அப்படியே அழைக்கிறாள். காதலனை ‘அண்ணா’ என்றால் நம் பார்வையாளர்கள் எழுந்து போய்விடுவார்கள். ‘அத்தான்’ என்றால் கறுப்பு வெள்ளைப் படத்தின் வாடை வருகிறது. பெயரைச் சொல்லிச் சமாளித்துவந்தேன். இப்போது கல்லூரி மாணவிகள் ‘ஓப்பா’வை அப்படியே விடச் சொல்கிறார்கள், அவர்களுக்கு அது ஏற்கெனவே தமிழ்ச்சொல் ஆகிவிட்டது.

அந்தத் தொடரின் அடுத்த அத்தியாயத்திலும் அம்மா அதே கேள்வியைக் கேட்டார். இம்முறை ‘பாப்பா, சாப்பிட்டியா?’ என்று எழுதி வைத்திருந்தேன். குரல் கொடுக்கும் அம்மையார் பேப்பரை ஒரு கணம் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்துக்கொண்டார். ஒரே டேக்கில் ஓகே ஆயிற்று.