கஸ்டம் இன்-இயர் வாங்கிய கதை

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டே கோரஸும் பாடுகிறவன் நான். கோயில் திருவிழா மேடையில் ஒரு பக்கம் ரிதம் பேட், இன்னொரு பக்கம் தவில். காலடியில் இருக்கிற மானிட்டர் பாக்ஸை (நாங்கள் வாசிப்பதும் பாடுவதும் எங்களுக்கே கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) நான் கூட்டச் சொன்னால் பக்கத்தில் நிற்பவரும் தன்னுடையதைக் கூட்டச் சொல்வார். கச்சேரி முடிந்து வேனில் ஏறினால் காதுக்குள் 'கொய்ங்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்று ஒரு கணக்கு உண்டு. அதன்படி 100 டெசிபலில் 15 நிமிடம்தான். எங்கள் கச்சேரியோ மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

இதற்கு வழிதான் கஸ்டம் இன்-இயர்: ஒருவருடைய காதுக்கு அச்செடுத்துச் செய்து, மானிட்டர் சத்தத்தைக் காதுக்குள்ளேயே தரும் இயர்ஃபோன். இந்தத் தொல்லை எங்களுக்கு மட்டும் வந்தது இல்லை. அமெரிக்க ராக் குழுவான வான் ஹேலனின் மானிட்டர் இன்ஜினியர் ஜெர்ரி ஹார்வி, ட்ரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனின் காதுக்கென்று அப்படியொன்றைச் செய்யத் தொடங்கியதுதான் 1995இல் அல்டிமேட் இயர்ஸ் என்ற நிறுவனமானது.

வாங்குவது என்று முடிவெடுத்த பிறகு முதலில் குழப்பியது ட்ரைவர் எண்ணிக்கை. ஒலியை எழுப்பும் பாகம்தான் ட்ரைவர். காதுக்கு மூன்று, எட்டு, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருக்கிறது, விலையும் கூடவே ஏறுகிறது. எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு எந்த வகை என்று பார்க்க ஆரம்பித்ததும்தான் விஷயம் பிடிபட்டது.

டைனமிக் ட்ரைவர் என்பது சாதாரண ஸ்பீக்கரின் குட்டி வடிவம். காந்தம், காயில், ஒரு சவ்வு. காற்றை நன்றாகத் தள்ளும், அதனால் பேஸ் கேட்பதோடு உடம்பிலும் தெரியும். ஆனால் சவ்வு தாராளமாக அசையப் பெரும்பாலும் ஷெல்லில் (காதுக்குள் போகும் கூட்டில்) ஒரு சிறு துளை விடுவார்கள். பேலன்ஸ்டு ஆர்மேச்சர் காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்தது. இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய உலோக நாக்கு நடுங்கும், அதில் பொருத்திய ஊசி போன்ற கம்பி சவ்வை ஆட்டும். அரிசியைவிடச் சற்றுப் பெரிய டப்பாதான், துளையும் வேண்டாம். ஒன்றே எல்லா ஸ்வரத்தையும் சமமாகக் கொடுக்கத் திணறும் என்பதால் பேஸுக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று, ஜால்ராவுக்கு ஒன்று என்று பிரித்து, எந்த ஒலி எந்த ட்ரைவருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்ப நடுவில் கிராஸ்ஓவர் போடுகிறார்கள். எண்ணிக்கை ஏறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஒரே வேலைக்கு இரண்டு ட்ரைவரைச் சேர்த்துப் போட்டாலும் கணக்கில் இரண்டுதான். எலக்ட்ரோஸ்டாட்டிக் வகையில் தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய படலம் ஆடும். அதற்கு வோல்டேஜை ஏற்றிக் கொடுக்க ஷெல்லுக்குள்ளேயே ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். பெரும்பாலும் உச்ச ஒலிகளுக்கு மட்டும்தான்.

கஸ்டமை வாங்குவதற்கு முன் போட்டுப் பார்க்க முடியாது. அதே மாடலின் பொதுவடிவத்தை ஃபோம் டிப் மாட்டிக் கேட்கலாம். நண்பர்களிடமும் கடையிலும் கிடைத்ததையெல்லாம் கேட்டேன். சினிமாப் பாட்டைப் போட்டுப் பார்க்கவில்லை. எங்கள் டிஜிட்டல் மிக்ஸரில் தனித்தனி டிராக்காகப் பதிவான எங்கள் கச்சேரியையே போட்டேன். ஒவ்வொன்றையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட்டேன். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதுதான் 'நல்ல சவுண்ட்' என்று காது ஏமாந்துவிடும்.

டைனமிக் சேர்ந்த ஹைப்ரிடில் தபலாவின் கும்கி உருண்டு வந்தது, கேட்கவே சுகம். எல்லாமே ஆர்மேச்சராக இருந்ததில் அந்தக் குழைவு குறைவு. ஆனால் கோரஸில் மூன்று பேர் பாடும்போது என் குரல் எது என்று உடனே பிடிபட்டது. எலக்ட்ரோஸ்டாட்டிக் உள்ளதில் ஜால்ரா தேன் மாதிரி. இடுப்பில் மாட்டும் வயர்லெஸ் ரிசீவரான பெல்ட் பேக்கின் வால்யூமை ஏறக்குறைய முழுசாக வைத்தால்தான் போதுமான சத்தம் வந்தது, அதனால் அது வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து ரசிக்க என்றால் ஹைப்ரிடை எடுத்திருப்பேன். மேடையில் தவிலை வெளியே நிறுத்துவதுதான் முதல் வேலை, துளை இருந்தால் அதன் வழியே கொஞ்சம் உள்ளே வரும். மூன்று ஆர்மேச்சர், துளையில்லாத அக்ரிலிக் ஷெல் என்று முடிவானது. எங்கள் சவுண்ட் அண்ணன் கேட்டார்: "தம்பி, மூணு போதுமா? டிரம்ஸ்காரன் எட்டு வச்சிருக்கானே!" போதும்.

அப்புறம் அளவு. ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) முதலில் விளக்கடித்துக் காதில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். நூல் கட்டிய சிறு பஞ்சுத் துண்டைக் காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி வைத்தார். அச்செடுக்க ஊற்றும் மருந்து செவிப்பறைக்குப் போகாமல் தடுப்பது அதுதான். பல்லுக்கு நடுவே ஒரு கட்டையைக் கடிக்கச் சொல்லி, இரண்டு மருந்தைப் பிசைந்து சிரிஞ்சால் நிரப்பினார். சில்லென்று ஏறியது, ஒரு பக்க உலகமே அணைந்துபோன மாதிரி இருந்தது. இறுகும்வரை எச்சில் வழியக் காத்திருக்க வேண்டியதுதான். பாடுகிறவர்கள் இந்தக் கட்டையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். வாய் திறக்கும்போது தாடை எலும்பு நகர்ந்து காதுக்குழாய் விரியும். மூடிய வாயில் எடுத்த அளவு அங்கே கசியும்.

அப்படி எடுத்தும் வந்த ஜோடியில் வலது பக்கம் கசிந்தது. 'ஆ' என்று உச்சத்துக்குப் போனால் அந்தக் காதில் மட்டும் பேஸ் காணாமல் போகும். கேஸ்கெட் தளர்ந்த குக்கரில் எவ்வளவு நல்ல அரிசி போட்டு என்ன? செய்தவர்களுக்கு எழுதியபோது, ஈக்யூவில் (டோன் கன்ட்ரோலில்) பேஸைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று முதல் பதில் வந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது. கண்ணாடி முன் வாயைத் திறந்து மூடி ஒரு வீடியோ எடுத்து அனுப்பிய பிறகு மறுபொருத்தத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். புது அளவு, புது ஷெல், அதே ட்ரைவர்கள். இப்போது பேஸ் போதவில்லை என்ற பேச்சே இல்லை. ஆர்டர் கொடுக்கும்போதே மறுபொருத்தத்துக்கு எத்தனை நாள் அவகாசம், கூரியர் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேடைக்குக் கொண்டுபோனதும் இன்னொன்று தெரிந்தது. ஆர்மேச்சரின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். பெல்ட் பேக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ் கூடுதலாக இருந்தால் டோனே மாறிவிடும். வீட்டில் போனில் கேட்டதும் மேடையில் கேட்டதும் வேறாக இருப்பதற்கு அதுதான் காரணம். சென்சிட்டிவிட்டி அதிகம், அதாவது சின்ன சிக்னலுக்கே சத்தமாக ஒலிக்கும் என்பதால் வயர்லெஸ்ஸின் 'உஸ்' சத்தமும் கேட்கும். பேக்கில் குறைத்து, மிக்ஸரிலிருந்து கூடுதலாக அனுப்பச் சொன்னதும் அடங்கியது. கைதட்டலே கேட்கவில்லை என்று ஒரு காதைக் கழற்றிவிடும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. அப்படிச் செய்தால் மாட்டியிருக்கும் காதில் வால்யூம் ஏறிக்கொண்டே போகும். மேடை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்து அதையும் கொஞ்சம் கலந்துகொண்டோம்.

செகண்ட் ஹேண்டில் கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: இன்னொருவர் காதுக்குச் செய்த ஷெல் உங்களுக்குப் பொருந்தாது. ட்ரைவர்களை எடுத்து உங்கள் அளவுக்கு ரீஷெல் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவையும் ஆடியாலஜிஸ்ட் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.