கணக்கெடுக்கப் போகிற நேரம்

நகராட்சி ஒன்றில் சமுதாய அமைப்பாளராக ஒப்பந்த வேலை பார்த்தபோது மகளிர் குழு, வங்கிக் கடன், திறன் பயிற்சி என்று பல பொறுப்புகள் என்னிடம் இருந்தன. அவற்றில் என்னை முழுசாக இழுத்துக்கொண்டது சாலையோர வியாபாரிகள் வேலைதான். அப்போதிருந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுப்பது, அடையாள அட்டை தருவது, அதிகாரிகளும் வியாபாரிகளின் பிரதிநிதிகளும் உட்காரும் நகர விற்பனைக் குழுவின் கூட்டத்துக்கு ஆட்களைத் திரட்டுவது எல்லாம் அதில் வந்தது. தள்ளுவண்டி, தரைக்கடை, தலைச்சுமை, சைக்கிளில் கட்டிய டீ கேன் என்று அந்த ஊரில் யார் எங்கே எதை விற்கிறார்கள் என்பது எனக்கு மனப்பாடமானது அப்படித்தான்.

அந்த வேலையில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று உண்டு. வியாபாரியின் உரிமை நடைமுறையில் தொடங்குவது கணக்கெடுப்புப் படிவத்தில். அதில் பெயர் ஏறாதவருக்குச் சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் மற்றப் பிரிவுகள் தூரத்துச் சொந்தம் மாதிரி. உறவு என்று சொல்லிக்கொள்ளலாம், அவசரத்துக்கு வந்து நிற்காது.

சட்டம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989இல் சோதன் சிங் வழக்கில், தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனம் தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, குறிப்பிட்ட ஓர் இடம்தான் வேண்டும் என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது என்றும் சொன்னது. 2010இல் கெய்ந்தா ராம் வழக்கில், 2011 ஜூன் 30க்குள் சட்டம் கொண்டுவரும்படி கெடு வைத்தது. கெடு தாண்டிப் போனாலும் சட்டம் வந்தது. 2014 மே 1 முதல் சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வியாபாரம் செய்ய அனுமதிக்கும் விற்பனைச் சான்றிதழை வாங்கிவிட்டால் அந்த இடமே தனக்குச் சொந்தம் என்று நம்பிய பலரைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கிடையாது. அந்த இடத்தில் நிரந்தர உரிமை எதுவும் வராது என்று 29ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

என் வேலையின் அடித்தளம் 3ஆம் பிரிவு. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது நகர விற்பனைக் குழு எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தவர்கள் அனைவருக்கும், வார்டு அல்லது நகர மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் என்ற வரம்புக்குள், வியாபாரத்துக்கென்று ஒதுக்கிய விற்பனை மண்டலங்களில் இடம் தர வேண்டும். இதன் மூன்றாவது உட்பிரிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது: கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. எழுதியவர்கள் தெருவைத் தெரிந்து எழுதியிருக்கிறார்கள் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

இவ்வளவு கனம் உள்ள ஒரு கணக்கெடுப்பை எப்போது எடுத்தார்கள்? காலை பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை. அலுவலக நேரம். வெளியிலிருந்து வந்த ஆட்கள் டேப்லெட் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் நடந்தார்கள். அந்த நேரத்தில் கீரைக்காரர் இருக்க மாட்டார். விடியும் முன்பே வந்து, எட்டரைக்குள் கூறு கட்டியதெல்லாம் விற்று, சாக்கைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார். பூக்காரம்மா வீட்டில் சாயங்காலத்துக்கான சரம் தொடுத்துக்கொண்டிருப்பார். பஜ்ஜி, சுண்டல், பானிபூரி வண்டிகள் ஐந்து மணிக்குத்தான் வரும். இரவு இட்லிக் கடை ஏழுக்கு மேல். ஒரே பத்தடி இடத்தில் காலையில் கீரை, மதியம் வெள்ளரிக்காய், இரவில் இட்லி என்று மூன்று குடும்பங்கள் பிழைக்கும். படிவத்தில் வெள்ளரிக்காய் மட்டும் ஏறும். அப்புறம் ஒருநாள், பட்டியலில் இல்லாத கடை என்று மற்ற இரண்டையும் எடுக்கச் சொல்வார்கள். சந்தை நாளில் மட்டும் வருகிறவர்கள் கதையும் இதுதான்.

விடிகாலை ஒரு சுற்று, இரவு எட்டுக்கு மேல் ஒரு சுற்று போக வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டேன். கடைசியில் சில வார்டுகளில் நடந்தது. போன இடமெல்லாம் புதுப் பெயர்கள் வந்தன.

நேரத்துக்கு அடுத்த சிக்கல் யார் பெயரை எழுதுவது என்பது. கீரையோ மீனோ பூவோ, உட்கார்ந்து விற்பவர் பெண்ணாக இருப்பார். பெயர் கேட்டால், "என் பேரு எதுக்கும்மா, அவர் பேரையே எழுதிக்க" என்பார்கள். அவர் எங்கே என்றால் வேறு வேலைக்குப் போயிருப்பார், அல்லது ஊரிலேயே இருக்க மாட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து பேசுவேன். சான்றிதழ் பெறுகிறவர், தானோ தன் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வோம், வேறு பிழைப்பு இல்லை, இதை யாருக்கும் கைமாற்றவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று உறுதிமொழி தர வேண்டும். அந்த உறுதிமொழியைக் காப்பாற்றப் போகிறவர் கடையில் உட்காருகிறவர். நாளைக்குக் குடும்பத்தில் தகராறு வந்தால் அட்டை யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் பேசும். சான்றிதழ்தாரர் இறந்துபோனால் மனைவியோ கணவரோ, அவர் இல்லையென்றால் சார்ந்திருக்கும் பிள்ளையோ, செல்லுபடிக் காலம் முடியும்வரை அதே இடத்தில் தொடரலாம் என்று சட்டம் சொல்கிறது. பிரிந்து போன கணவரின் பெயரில் அட்டை இருந்தால் அந்தப் பெண்ணுக்கு இந்த வழியும் இல்லை. இதையெல்லாம் விளக்கியதும் பெரும்பாலானவர்கள் தங்கள் பெயரையே கொடுத்தார்கள்.

பெயர் ஏறக் கூடாதவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பெரிய கடை வைத்திருக்கும் ஒருவர் நாலைந்து வண்டி போட்டு, கூலிக்கு ஆள் நிறுத்தியிருப்பார். அந்த இடங்களும் இரண்டரை சதவீதத்துக்குள்தான் வரும், உண்மையான வியாபாரியின் பங்கைத்தான் அவை தின்னும். வண்டி யாருடையது, சரக்கு யார் போடுகிறார்கள், சாயங்காலம் காசை யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். விசாரிக்க நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பது அலுவலகத்துக்கே உறைத்தது 2020இல். ஊரடங்குக்குப் பிறகு அந்த ஜூன் மாதம், பிரதமரின் ஸ்வநிதி திட்டம் வந்தது. முதல் தவணையாகப் பத்தாயிரம் ரூபாய் வரை பிணையில்லாக் கடன். தண்டல் வட்டியில் மாட்டியிருந்தவர்களுக்கு அது பெரிய தொகை. அட்டை இல்லாதவர்களுக்கு உள்ளாட்சி அமைப்பு பரிந்துரைக் கடிதம் தரலாம் என்று விதி இருந்ததால், எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள் வாசலில் வரிசையாக வந்து நின்றார்கள். அத்தனை பேரும் எனக்கு முகம் தெரிந்தவர்கள், விடிகாலையிலும் ராத்திரியிலும் பார்த்தவர்கள். கடன் கடிதத்தைச் சரிபார்த்த கையோடு அவர்கள் பெயரைக் கூடுதல் பட்டியலில் சேர்க்கக் குறிப்பு வைத்தோம்.

அந்த வரிசையில் நிறைய பேர் பர்ஸிலிருந்தோ மஞ்சள் பையிலிருந்தோ கசங்கிய சீட்டுக் கட்டை எடுத்துக் காட்டினார்கள். தரைக்கடை வசூலைக் குத்தகை எடுத்தவர் தினமும் காசு வாங்கிக்கொண்டு கிழித்துத் தரும் சீட்டு. அதுதான் லைசென்ஸ் என்று நம்பியிருந்தார்கள். உணவு பாதுகாப்புப் பதிவுச் சான்றைக் காட்டியவர்களும் உண்டு. இரண்டும் விற்பனைச் சான்றிதழ் ஆகாது. ஆனாலும் அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். இந்த இடத்தில் இத்தனை காலமாக வியாபாரம் செய்கிறேன் என்பதற்கு ஏழையிடம் இருக்கும் எழுத்துச் சாட்சி அதுதான். பழைய தேதி போட்ட சீட்டைப் பார்த்ததும் அதிகாரிகளின் பேச்சுத் தொனி மாறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆக்கிரமிப்பு அகற்றும் நாட்கள்தான் மிகவும் கஷ்டமானவை. லாரி வரும், தராசு, குடை, தார்ப்பாய், சரக்கு எல்லாம் ஒரே குவியலாக ஏறும். இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது 18ஆம் பிரிவு. பொருளைப் பறிமுதல் செய்தால் அதிகாரி கையெழுத்திட்ட பட்டியலின் நகலை வியாபாரியிடம் தர வேண்டும், கேட்டு வந்தால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது 19. இந்தப் பட்டியல் கொடுக்கப்பட்டதை நான் அபூர்வமாகத்தான் பார்த்தேன். பட்டியல் இல்லாவிட்டால் போன தக்காளி எத்தனை கிலோ, தராசு ஒன்றா இரண்டா என்று எதையும் நிரூபிக்க முடியாது. நஷ்டம் அப்படியே வியாபாரி தலையில் விழும். அதனால் பயிற்சிக் கூட்டங்களில், சண்டை போடாதீர்கள், முதலில் பட்டியலைக் கேளுங்கள், கொடுக்கவில்லையென்றால் லாரியில் ஏற்றுவதைப் போனில் படம் எடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இதில் வேறு துறைகள் சேரும்போது இன்னும் குழப்பம். சாலை எங்களுடையது, நகராட்சி அட்டை இங்கே செல்லாது என்பார்கள். சான்றிதழின் நிபந்தனைப்படி வியாபாரம் செய்பவரைத் தடுக்கக் கூடாது என்று சொல்லும் 27ஆம் பிரிவு, காவல்துறையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உண்மையான விலக்கு ரயில்வே இடத்துக்குத்தான். ரயில்வே நிலத்துக்குள்ளும் ரயிலுக்குள்ளும் இந்தச் சட்டம் செல்லாது. அதனால் ஸ்டேஷன் வாசலில் எந்தக் கோடுவரை நகராட்சி, எதற்கப்புறம் ரயில்வே என்பதை அங்கே விற்பவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பாதசாரிகளின் சிரமத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சக்கர நாற்காலி போக வழி இல்லாத நடைபாதை யாருக்கும் நல்லதல்ல. அதற்குத்தான் சட்டம் திட்டமிடச் சொல்கிறது. கூட்டம் அதிகம் என்பதை மட்டும் காரணம் காட்டி ஓர் இடத்தை விற்பனை இல்லா மண்டலம் என்று அறிவிக்க முடியாது என்று முதல் அட்டவணையில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. இந்த வரிகளைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினால் வியாபாரிகளே நம்ப மறுத்தார்கள், எங்களுக்காகவா இப்படி எழுதியிருக்கிறது என்று. விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அவர்கள் வந்து பேசிய கூட்டங்களில்தான் எந்தப் பக்கம் மஞ்சள் கோடு போட்டால் வண்டியும் நிற்கும், ஆளும் நடக்கலாம் என்ற யோசனைகள் வந்தன. ஓய்வுபெற்ற உரிமையியல் நீதிபதியையோ நீதித்துறை நடுவரையோ தலைவராகக் கொண்ட குறைதீர் குழு ஒன்றும் அமைய வேண்டும். நான் இருந்தவரை அங்கே அது அமையவே இல்லை. அதனால் ஒவ்வொரு மனுவும் எந்த அலுவலகத்தின் மீது புகாரோ அதே மேசைக்குத்தான் திரும்பி வந்தது.

இப்போதும் யாராவது போன் செய்து, சர்வே முடிந்த பிறகுதான் கடை போட்டேன், இன்னும் ஐந்து வருடம் காத்திருக்கணுமா என்று கேட்பார்கள். காத்திருக்க வேண்டாம். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே வருபவருக்கும், இடம் தாங்கும் அளவைப் பார்த்து, சான்றிதழ் தர 4ஆம் பிரிவு குழுவுக்கு அதிகாரம் தருகிறது. விற்பனைக் குழுவின் தலைவர் என்ற முறையில் ஆணையர் பெயருக்கு மனு எழுதுங்கள், எந்தத் தெரு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள் என்பேன். மறுத்தால் 11ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு, நேரில் கேட்காமல் அதை முடித்துவைக்கவும் முடியாது. முத்திரை போட்ட அந்த நகலை லேமினேட் செய்யாதீர்கள், மடித்துப் பிளாஸ்டிக் உறையில் கடையிலேயே வைத்திருங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். விசாரணைக்குப் போனால் ஜெராக்ஸ் கேட்பார்கள்.