பட்டாளத்தான் குறிப்புகள்: மே 2025

மே 7, புதன்

அதிகாலையில் பாகிஸ்தான் பக்கம் ஒன்பது இடங்களில் நம் படை அடித்திருக்கிறது. காஷ்மீரின் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றதற்குப் பதில். ஆபரேஷன் சிந்தூர் என்று பெயர்.

தெரு வாட்ஸ்அப் குழு கொதிக்கிறது. லாகூரைப் பிடிக்காமல் திரும்பக் கூடாது என்கிறார் ஒருவர். அவர் பிள்ளை கனடாவில். பழைய பட்டாளத்து ஆட்களின் குழுவில் அந்த மாதிரிப் பேச்சே இல்லை. “உன் பையன் ரஜௌரியா, அக்னூரா?”, “போன் வந்துச்சா?” இவ்வளவுதான். எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. இன்று பல வீட்டில் அம்மாக்கள் போனைக் கையை விட்டு இறக்கவில்லை.

மே 9, வெள்ளி

நேற்று ராத்திரி சில சேனல்கள் கராச்சித் துறைமுகத்தையே அழித்துவிட்டன. காலையில் பார்த்தால் துறைமுகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுநடுவே சைரன் சத்தம் வேறு. நிஜமாகவே ஷெல் விழுந்து பூஞ்சில் பிள்ளைகள் உட்பட ஜனங்கள் செத்திருக்கிறார்கள். அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

டிவியை நிறுத்தச் சொன்னேன். “ஒரு மிலிட்டரிக்காரர் வீட்டுல இதைப் பார்க்காம வேற எங்க பார்க்கறது?” என்றான் மச்சான். மிலிட்டரிக்காரர் வீடு என்பதால்தான் நிறுத்தச் சொன்னேன்.

மே 10, சனி

சென்னையில் ராணுவத்துக்கு ஆதரவாக முதல்வர் ஸ்டாலின் பேரணி நடத்தினார். சாயங்காலம் ஐந்து மணிக்கு டிஜிபி அலுவலகத்திலிருந்து போர் நினைவுச்சின்னம் நோக்கி. அதே ஐந்து மணியிலிருந்து சண்டை நிறுத்தம் என்று சற்று நேரத்தில் தில்லியிலிருந்து அறிவிப்பு வந்தது.

எனக்கு ஞாபகம் ஓடியது 1990 மார்ச்சுக்கு. 24-ஆம் தேதி, இலங்கைக்குப் போய்ப் புலிகளோடு சண்டையிட்ட இந்திய அமைதிப் படையின் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறி, மெட்ராசில் வந்து இறங்கியது. வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. நான் அதற்கு முன்பே திரும்பிவிட்டவன், பேப்பரில்தான் படித்தேன். ஏறக்குறைய 1,200 பேரைப் பறிகொடுத்துவிட்டு வந்த படை அது.

அப்போது எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷத்தில் அது மாறி, இரண்டாகப் பிரிந்துவிட்டது. அந்தப் போரை அவர் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. நானே அதில் இருந்தவன், எனக்குத் தெரியாதா? ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவன் அந்தப் போரை முடிவு செய்தவன் இல்லை. 1987 ஜூலை 29-இல் கொழும்பில் ராஜீவும் ஜெயவர்த்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எங்களுக்கு மூவ்மெண்ட் ஆர்டர் மட்டும் வந்தது. எதிர்ப்பைத் தில்லியிடம் காட்டியிருக்கலாம், துறைமுகத்தில் ஒரு மாலையும் போட்டிருக்கலாம். இரண்டுக்கும் இடம் உண்டு என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

இன்று கருணாநிதியின் பிள்ளை பேரணி போகிறார். சந்தோஷம்தான். ஆனால் இப்போது ஊரே வேறு பக்கம் சாய்ந்து அதே முடிச்சைப் போடுகிறது: சிப்பாயை மதித்தால் சண்டை கேட்க வேண்டுமாம்.

மே 11, ஞாயிறு

சண்டை நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அவர் மகளைக்கூட விடவில்லை. எக்ஸ் கணக்கைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார் மனுஷன். எல்லையில் பங்கருக்குள் உட்கார்ந்திருந்தவன் நேற்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான். அவனுக்காகக் கத்துகிறோம் என்கிறவர்களுக்கு அதில்தான் வருத்தம்!

மே 13, செவ்வாய்

பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான்: “யாழ்ப்பாணத்துல என்ன பண்ணீங்க மாமா?”

நான் சிக்னல்ஸ். ரேடியோ செட்டோடு இருக்க வேண்டியவன். தமிழ் தெரியும் என்பதால் சுற்றிவளைப்புக்கு மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டு போவார்கள். ஊரையே வெயிலில் வரிசையாக உட்கார வைத்து, முகத்தை மூடிய ‘தலையாட்டி’ ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் தலை ஆட்டினால் ஒரு பையன் லாரியில் ஏறுவான். பஞ்சாபி ஆபீசர் இந்தியில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். கோப்பாய்ப் பக்கம் ஒரு கிழவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நீங்கள் தமிழ்ப் பிள்ளைதானே, அவனை விடச் சொல்லுங்கோ” என்றாள். இந்தியில் சொன்னேன். ஆபீசர் கையை ஆட்டினார், லாரி கிளம்பியது.

லீவில் ஊருக்கு வந்தால் டீக்கடையில், “எத்தனை தமிழனைச் சுட்ட?” என்று கேட்டார்கள். அங்கே ‘வடக்கன் ஆர்மி’, இங்கே துரோகி.

தம்பியிடம் மறைக்காமல் இன்னொன்றும் சொன்னேன். 1987 அக்டோபர் 21, தீபாவளி. அன்றும் மறுநாளும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த எங்கள் படை நோயாளி, டாக்டர், நர்ஸ் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. நான் அங்கே இல்லை. உடுப்பு ஒன்றுதான். இதைச் சொன்னால் ராணுவத்தை அவமதிக்கிறேன் என்கிறார்கள் என் வயதுக்காரர்களே. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிப்பாய்க்குச் சோறும் மரியாதையும் பென்ஷனும் கொடு. அவன் செய்த தப்புக்கு மூடி போடாதே. மூடி போட்டால் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்காத என்னைப் போன்றவன் தலையிலும் அது காலத்துக்கும் உட்கார்ந்திருக்கும்.

மே 14, புதன்

அந்தத் தம்பி அக்னிவீர் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறான். காலையில் 1,600 மீட்டர் ஓட வைக்கிறேன். “சண்டை வேண்டாம்ங்கறீங்க, என்னை மட்டும் ஓட வைக்கிறீங்க?” என்று அவன் அம்மா முன்னாலேயே கேட்டான். எல்லைக்குக் காவல் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? போகிறவன் நன்றாகத் தயாராகிப் போகட்டும். அனுப்புகிறவன் பத்துத் தடவை யோசித்து அனுப்பட்டும்.

நாலு வருஷ வேலை. முடிந்ததும் நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை, பென்ஷன் கிடையாது. போன வாரம் ஆந்திராவைச் சேர்ந்த முரளி நாயக் எல்லையில் உயிர்விட்டாரே, அவரும் அக்னிவீர்தான். ஸ்டேட்டஸில் எல்லாரும் அவர் படத்தை வைத்தார்கள். அக்னிவீருக்கு ஏன் பென்ஷன் இல்லை என்று குழுவில் கேட்டேன். இரண்டு பேர் கும்பிடு எமோஜி போட்டார்கள். லாகூர்க்காரர் பேச்சு மூச்சு இல்லை.

மே 16, வெள்ளி

தெருச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெற்றி விழாவாம். எனக்குப் பொன்னாடை, பத்து நிமிஷம் பேச்சு. வேறு முன்னாள் ராணுவத்தினர் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

வருகிறேன் என்றேன். பொன்னாடைக் காசைக் கொடிநாள் நிதிக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். சரி என்றார்கள். என்ன பேசுவீர்கள் என்று கேட்டார்கள்.

1987 அக்டோபர் 11 இரவைப் பற்றி என்றேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் புலித் தலைமையைப் பிடிக்க ஹெலிகாப்டரில் ஆள் இறக்கினார்கள். புலிகள் முன்பே தெரிந்துகொண்டு காத்திருந்தார்கள். சீக்கிய லைட் இன்பன்ட்ரியிலிருந்து இறங்கியவர்கள் 30 பேர். அதற்கப்புறம் வந்த ஹெலிகாப்டர்களால் இறக்க முடியவில்லை. அவர்களில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அவர்களிடம் வீரத்துக்குக் குறையில்லை. இந்தத் திட்டம் சரியா என்று அனுப்பியவர்களைக் கேட்க அன்று நாட்டில் யாரும் இல்லை. அதைத்தான் பேசப் போகிறேன் என்றேன்.

சங்கத் தலைவர் மோரைக் குடித்து முடித்துவிட்டு, நிகழ்ச்சி நிரலைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார்.

மே 17, சனி

இன்னும் போன் வரவில்லை. தம்பி இன்று ஓட்டத்தில் நேற்றைவிட வேகம்.